ஆறு திருகு, ஒரு சத்தம்: எளிய சிந்தசைசரின் கதை

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

கொஞ்ச நாளாவே ஒரு கேள்வியைப் பல பேர் வேற வேற மாதிரி கேட்டுட்டு இருக்கீங்க. "பத்தாயிரம் சத்தம் ரெடிமேடா வர்ற சாஃப்ட்வேர் எல்லாம் வந்தாச்சு. அப்புறமும் ஏன் நாலஞ்சு திருகு மட்டும் இருக்கிற குட்டி சிந்தசைசரை ஜனங்க தேடித் தேடி இறக்கிக்கிறாங்க?" பழைய ஞாபகம், இலவசமா கிடைக்குது, இப்படி ரெண்டு பதில் உடனே வரும். ரெண்டும் பொய் இல்ல. ஆனா வரலாற்றைப் பார்த்தா இன்னும் ஆழமான ஒரு காரணம் இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறேன்.

இது எனக்கு வெறும் டெக்னிக்கல் விஷயம் இல்லீங்க. நான் இருக்கிறது ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர் பக்கம். இங்க ஒரு பிள்ளைக்குச் சொந்தமா இசை பண்ணணும்னு ஆசை வந்தா, சென்னை ஸ்டூடியோ ரொம்ப தூரம். கையில இருக்கிறது ஒரு பழைய லேப்டாப், ஒரு ஹெட்போன். அந்த லேப்டாப்புல எது ஓடும், எது புரியும் என்பதுதான் அந்தப் பிள்ளை என்ன மாதிரி சத்தம் போடும் என்பதையே தீர்மானிக்குது.

முதல்ல சிந்தசைசருக்கு முந்தின ஒரு கருவியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆர்மோனியம். ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி. கட்டையை அழுத்தினா சத்தம் வரும், சுருதி சேர்க்க வேண்டியதில்லை, தூக்கிட்டுப் போகலாம். அதனாலேயே நம்ம இசை நாடகத்துக்குள்ளயும் தெருக்கூத்துக்குள்ளயும் போய் உட்கார்ந்துடுச்சு. ஆனா எதிர்ப்பும் பலமா இருந்தது. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. எதிர்த்தவங்க சொன்ன முக்கியக் காரணம், அதுல கமகம் வராது. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவுல சறுக்க முடியாது, படிக்கட்டு மாதிரி தாவித்தான் போகணும். இது நியாயமான குறைதான். இந்தக் குறையை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி வருது.

இப்ப சிந்தசைசருக்கு வருவோம். கம்ப்யூட்டரை வைத்து சத்தம் உண்டாக்கும் முயற்சி நம்ம நினைக்கிறதைவிடப் பழசு. 1957-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய மியூசிக் என்ற நிரல், ஐபிஎம் 704 கணினியில் ஒரு சின்ன மெட்டை வாசித்தது. சாஃப்ட்வேர் சிந்தசைசரின் தாத்தா அதுதான். ஆனா ஒரு சத்தத்தை மாத்தணும்னா நிரலை மாத்தணும், மறுபடி ஓட்டணும், காத்திருக்கணும். திருகிப் பார்த்துக் காதால முடிவு பண்றதுங்கிற பேச்சுக்கே இடமில்லை.

கையால திருகும் வசதி 1960களில் ராபர்ட் மோக் செய்த மாடுலர் சிந்தசைசரில் வந்தது. அது இந்தியாவுக்கும் சீக்கிரமே வந்துடுச்சு. 1969-ல் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் ஒரு மோக் கருவியை நிறுவினார். கீதா சாராபாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா போன்றவர்கள் அதுல வேலை செஞ்சாங்க. ஆனா அது ஒரு பெரிய அலமாரி. ஒவ்வொரு பகுதியையும் ஒயர் போட்டு இணைச்சாத்தான் சத்தம் வரும். அந்த ஒயர் இணைப்புக்குப் பேர் பேட்ச். இன்னைக்கும் சிந்தசைசரில் ஒரு சத்தத்தை பேட்ச்னு சொல்றோமே, அது அங்கிருந்து வந்த சொல். அடுத்த ஆண்டே, 1970-ல், மோக் நிறுவனம் மினிமோக் கொண்டுவந்தது. ஒயர் கிடையாது. எது எதோட சேரும்னு உள்ளேயே முடிவு பண்ணி, திருகுகளை மட்டும் வெளியே வெச்சாங்க. முடியக்கூடியது குறைஞ்சது, பயன்படுத்தறவங்க கூடினாங்க. அதுக்கப்புறம் வந்த எளிய சிந்தசைசர்களில் பெரும்பாலானவை மினிமோக்கின் பேரப்பிள்ளைகள்தான்.

அந்தக் குடும்பத்துக் கருவிகள் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தா அதோட கவர்ச்சி புரியும். வாயைத் திறக்காம "ம்ம்ம்"னு சொல்லுங்க. தொண்டையில ஒரு அதிர்வு வருதில்ல? இப்ப அதே அதிர்வை நிறுத்தாம "ஊ... ஆ... ஈ..."ன்னு வாயை மாத்துங்க. தொண்டை மாறலை, வாய்தான் மாறுது. வாயோட வடிவம் சில அதிர்வுகளை விடுது, சிலதை அமுக்குது. எளிய சிந்தசைசரிலும் இதேதான். தொண்டைக்குப் பதிலா ஆசிலேட்டர், வாய்க்குப் பதிலா ஃபில்டர். சத்தம் எவ்வளவு வேகமா எழுந்து எப்படி அடங்கணும்னு சொல்றது என்வலப். அவ்வளவுதான் அடிப்படை. தொல்காப்பியத்துல பிறப்பியல்னே ஒரு இயல் இருக்கு. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் நின்று, நாக்கு, உதடு, பல், அண்ணம் இவற்றால் வடிவம் பெற்று எழுத்தாகப் பிறக்குதுன்னு அது விளக்குது. ஒரு மூலம், அதை வடிவமைக்கும் உறுப்புகள். இந்தப் படம் மனசுல இருந்தா, எந்த எளிய சிந்த்தைத் திறந்தாலும் பாதி ஏற்கெனவே தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

இப்ப இதுக்கு நேர் எதிரான கதை. 1967-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் எஃப்எம் என்ற முறையைக் கண்டுபிடிச்சார். ஒரு அலையை வைத்து இன்னொரு அலையை வேகமா ஆட்டினா, மணி, எலெக்ட்ரிக் பியானோ மாதிரி பளபளப்பான சத்தங்கள் வரும். யமஹா நிறுவனம் அதை வாங்கி 1983-ல் டிஎக்ஸ்7 கருவியை வெளியிட்டது. உலகம் முழுக்க விற்பனை பிச்சுக்கிட்டுப் போச்சு. ஆனா உள்ளே ஆறு ஆபரேட்டர், அவற்றை இணைக்க 32 வழிகள், நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகள். வெளியிலயோ ரெண்டு வரி காட்டும் ஒரு சின்னத் திரை, மாற்றத்துக்கு ஒரே ஒரு ஸ்லைடர். ஒரு எண்ணை மாத்தினா சத்தம் எந்தப் பக்கம் போகும்னு பழகினவங்களாலேயே சட்டுனு சொல்ல முடியாது. அதனால என்ன ஆச்சு? பெரும்பாலானவங்க கம்பெனி கொடுத்த பிரீசெட்டை அப்படியே வாசிச்சாங்க. எண்பதுகளோட பாப் பாட்டுகளில் ஒரே எலெக்ட்ரிக் பியானோ, ஒரே பேஸ் திரும்பத் திரும்பக் கேட்குதுன்னா காரணம் இதுதான்.

நம்ம ஊரிலும் அதே காலத்துலதான் கீபோர்டு அலை வந்தது. 1986-ல் வந்த புன்னகை மன்னன் படத்துல இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரை வைத்து இசை பண்ணினது பெரிய பேச்சா இருந்தது. 1992-ல் ரோஜா படத்தோட, வீட்டை ஒட்டின தன் ஸ்டூடியோவிலிருந்து ஏ.ஆர். ரஹ்மான் வந்தார். இவங்க கையில எந்தக் கருவியும் தனியா பேசும், சந்தேகமே இல்ல. ஆனா அந்த அலை திருவிழா மேடைக்கும் லைட் மியூசிக் குழுவுக்கும் இறங்கும்போது, கூடவே இறங்கினது பிரீசெட் பட்டியல். ஸ்ட்ரிங்ஸ்னா இந்த எண், புல்லாங்குழல்னா அந்த எண். சத்தத்தைத் தேர்ந்தெடுக்கப் பழகினோம், உண்டாக்கப் பழகலை.

இந்தியாவில் வேற ஒரு வழியும் இருந்தது. 1982-ல், பம்பாய் சினிமா இசையில் வேலை செய்த சரண்ஜித் சிங், டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட் என்ற ஆல்பம் போட்டார். அதுல அவர் பயன்படுத்தின ஒரு கருவி ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303. கிட்டார்காரர் தனியா பயிற்சி செய்ய பேஸ் வாசிக்கும் துணையா வந்த சின்னப் பெட்டி. ஒரே ஒரு ஆசிலேட்டர். சத்தத்தை மாத்த ஆறு திருகு. ஆனா அதுல ஸ்லைடு என்று ஒரு வசதி இருந்தது, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகும். ஆர்மோனியத்துக்குச் சொன்ன குறை ஞாபகம் இருக்கா? ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் வாசிக்கும் எளிய சிந்த்தில் அந்தக் குறை பாதி தீருது. முழுக் கமகம் ஆகிடாது, அது பாடுறவர் தொண்டையிலயும் வீணைக்காரர் விரலிலும் இருக்கிற வித்தை. ஆனா படிக்கட்டு சறுக்குமரம் ஆகுது. அந்த ஆல்பம் அப்போ பெருசா விற்கலை. 2010-ல் மறுபடி வெளிவந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஏன்னா, சிகாகோ இளைஞர்கள் அதே 303-ஐ வைத்து ஆசிட் ஹவுஸ் என்ற புது இசையைக் கொண்டுவந்தது 1987-ல். இவர் அஞ்சு வருஷம் முன்னாடியே அந்தப் பெட்டியில் ராகம் வாசிச்சிருக்கார்.

அந்த 303-ல் ஒரு வேடிக்கை. சத்தத்தை மாத்துறது சுலபம், ஆனா மெட்டைப் பதிவு பண்றது பெரிய தலைவலி. ரோலண்ட் 1984-லேயே தயாரிப்பை நிறுத்திடுச்சு. 1997-ல் ஸ்வீடனின் ப்ரொபெல்லர்ஹெட் நிறுவனம் ரீபர்த் என்ற சாஃப்ட்வேரை வெளியிட்டது. 303-ன் ஆறு திருகும் திரையில் அப்படியே வந்தது. 1999-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் தன் விஎஸ்டி முறையை விரிவாக்கி, யார் வேணும்னாலும் சிந்தசைசர் எழுதி இசை சாஃப்ட்வேருக்குள்ள சொருகலாம் என்று வழி செஞ்சது. அப்போ ப்ராசசருக்கு வேகம் குறைவு, அதனால எழுதினவங்க சிக்கனமா எழுத வேண்டியிருந்தது. அந்த வரிசையில் ஜப்பானின் இச்சிரோ தோடா இலவசமா கொடுத்த சிந்த்1 பெரிய பெயர் எடுத்தது. எல்லாத் திருகும் ஒரே பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும், மறைவான பக்கம் தேடிப் போக வேண்டியதில்லை.

இப்ப ஆரம்பக் கேள்விக்குப் பதில் சொல்றேன். எளிய சிந்த்தின் கவர்ச்சி என்னன்னா, அது முழுசா ஒரு மனுஷனோட தலைக்குள்ள அடங்கும். ஒரு வாரத்தில் ஒவ்வொரு திருகும் என்ன பண்ணும்னு மனப்பாடம் ஆகிடும். அதுக்கப்புறம் மனசுல ஒரு சத்தம் கேட்டா, கை நேரா அங்க போகும். சிக்கலான கருவியில் நாம சத்தத்தைத் தேடறோம். எளிய கருவியில் சத்தத்தைச் செய்யறோம். தேடும்போது கிடைக்கிறது வேற யாரோ, வேற ஊர்ல, வேற பாட்டுக்காகச் செஞ்சு வெச்சது.

சிக்கலான கருவியே வேண்டாம்னு நான் சொல்லலை. டிஎக்ஸ்7 கொடுத்த மணி ஓசையை மினிமோக் கொடுக்காது. இதுக்கு எங்க மலையிலேயே ஒரு உதாரணம் இருக்கு. ஜவ்வாது மலைக் காவலூரில் வானியல் ஆய்வு ஆரம்பமானது 1960களின் கடைசியில், கொடைக்கானல் ஆய்வகத்திலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோட. 1972-ல் ஒரு மீட்டர் கருவி வெளிநாட்டிலிருந்து வந்தது. 1986-ல் 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி, இந்தியாவிலேயே செஞ்சது. தானே செஞ்ச சின்னதை முதல்ல முழுசா கையாண்டவங்கதான் பெரியதைக் கட்டினாங்க. இசையிலும் வரிசை அதுதான்.

2011-லிருந்து தமிழக அரசு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி லேப்டாப்புல பல ஜிபி எடுத்துக்கிற சத்தக் களஞ்சியம் முக்கி முனகும். சில எம்பி அளவுள்ள எளிய சிந்த் சும்மா ஓடும். ஒருமுறை இறக்கிட்டா நெட் கூட வேண்டாம், மலையில அது சின்ன விஷயம் இல்ல.

அதனால இந்த வாரம் இதைச் செஞ்சு பாருங்க. ஏதாவது ஒரு இலவச எளிய சிந்த்தைத் திறங்க. பிரீசெட் பட்டியலைத் தொடாதீங்க. ரம்பப் பல் அலையைத் தேர்ந்தெடுத்து, ஃபில்டரை முழுசா மூடி, மெதுவா திறந்துட்டே "ஊ, ஆ, ஈ"யைத் தேடுங்க. அப்புறம் கிளைடு திருகைக் கொஞ்சம் ஏத்தி, சாவிலிருந்து ரிக்கு வழுக்கிப் பாருங்க. உங்க ஊர்ல கேட்கிற ஒரு சத்தத்துக்கு, நாயனமோ உறுமியோ சாயங்காலப் பூச்சியோ, எவ்வளவு கிட்ட போக முடியுதுன்னு பாருங்க. அச்சு அசலா வராது, வரவும் வேண்டாம். வந்ததை சேமிச்சு, அதுக்கு நீங்களே ஒரு தமிழ்ப் பேர் வைங்க. எனக்கும் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சிலதைப் போட்டுக் கேட்கலாம்.