முகமும் கோபுரமும்

1839இல் டாகேரின் ஒளிப்பட முறை பாரீஸில் அறிவிக்கப்பட்டபோது, முகமொன்றைப் பதிவுசெய்ய நிமிடக்கணக்கில் அசையாது அமர வேண்டியிருந்தது. 1840இல் கணித அறிஞர் ஜோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த உருவப்பட லென்ஸ், மிகுதியான ஒளியை உள்வாங்கி அந்நேரத்தை வெகுவாகக் குறைத்தது. முகத்திற்கென்றே தனி லென்ஸ் என்னும் மரபு இவ்வாறு தொடங்கிற்று.

35 மி.மீ. படச்சுருள் காலத்தில் அம்மரபு 85 முதல் 105 மி.மீ. வரையிலான லென்ஸ்களில் நிலைபெற்றது. பலருக்கு வாய்த்ததோ கேமராவுடன் வந்த 50 மி.மீ. மட்டுமே. 2004இல் வெளிவந்த நிக்கான் டி70இன் உணரி ஏறத்தாழ 24 × 16 மி.மீ.; படச்சுருளின் சட்டமோ 36 × 24. ஆகவே பழைய 50 மி.மீ. லென்ஸின் பார்வைக்கோணம் 75க்கு உரியதாகக் குறுகியது. முகம் எடுப்போர்க்கு இது செலவில்லா வரவு. ஆயின் 28 மி.மீ. லென்ஸும் 42 போலாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரத்தைச் சட்டத்துள் அடக்க மேலும் பின்னே நடக்க வேண்டியதாயிற்று.

2005இல் வந்த கேனான் 5டி, 2007இல் வந்த நிக்கான் டி3 ஆகியவற்றில் உணரி படச்சுருளின் அளவை எட்டியது. 50 மீண்டும் 50 ஆனது. சட்டத்தை நிரப்ப அருகே சென்றவர்களின் படங்களில் மூக்கு பருத்தது, காதுகள் ஒடுங்கின. இதற்குக் காரணம் லென்ஸ் அன்று, தூரமே.

ராஜபாளையத்து வீட்டுக் கூடத்தில் நாளை மாலையுடன் தொங்கப்போவது இப்படமாகவும் இருக்கலாம். பேரப்பிள்ளைகள் அம்மூக்கையே தாத்தாவின் மூக்கென்று நம்புவர். எனவே முதலில் ஆறடி தள்ளி நிற்க. அத்தூரத்தில் முகம் நிறையும் லென்ஸைப் பிறகு வாங்குக.