நாலு கிராம் பவுடர்

"நுரையீரலுக்குப் பவுடர் போடுவாங்களாமா? கோகுல் சாண்டலா, பாண்ட்ஸாடா?" என்று அத்தை கேட்டதும் பக்கத்துக் கட்டில்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கேட்ட அத்தைக்குத்தான் சிரிக்க மூச்சில்லை.

சில வருஷங்களுக்கு முன், மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க மாயவரத்திலிருந்து வந்து புனேயில் எங்களோடு தங்கியிருந்தார். வலது பக்க நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஊசி குத்தி ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். பத்தே நாளில் மறுபடி. "டால்க் போடலாம், இல்லையென்றால் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பலாம். யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். இந்த இரண்டு வழியும் எப்படி வந்தன என்று அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தேன். உங்களில் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. நடுவில் சில ஸ்பூன் நீர், உராயாமல் இருக்க. புற்றுநோய் அந்தச் சவ்வுக்குப் பரவினால் நீர் அதிகம் சுரக்கும், வடிகாலும் அடைபடும். லிட்டர் கணக்கில் சேர்ந்து நுரையீரலை அமுக்கும்.

நெஞ்சில் சேர்ந்த சீழை விலா எலும்புகளுக்கு நடுவே கீறி எடுப்பது கிரேக்க ஹிப்போக்ரடீஸ் காலத்திலேயே உண்டு. 1850-ல் பாஸ்டனில் மாரில் வைமனும் ஹென்றி பௌடிச்சும் பெரிய கீறல் இல்லாமல், ஊசியும் பம்ப்பும் வைத்து நீரை உறிஞ்சிக் காட்டினார்கள். 1875-ல் ஹாம்பர்க்கில் கோட்ஹார்ட் பியூலௌ, குழாயின் மறுமுனையைப் பாட்டில் தண்ணீருக்குள் மூழ்க வைத்தார். நெஞ்சிலிருந்து நீர் வெளியே வரும், காற்று உள்ளே போகாது. இன்றும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் நாம் பார்ப்பது அவருடைய பாட்டிலின் வாரிசுதான்.

ஆனால் இவையெல்லாம் நீரை வெளியேற்றும் வழிகள். புற்றுநோயில் அது திரும்பத் திரும்ப வருமே?

அங்கேதான் பவுடர் வருகிறது. கனடாவில் மாண்ட்ரியலில் இருந்த டாக்டர் நார்மன் பெத்தூன், நெஞ்சுக்குள் டால்க் தூவினால் சவ்வுகள் புண்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று 1935-ல் எழுதினார். அவர் யோசித்தது புற்றுநோய்க்காக இல்லை, நுரையீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷனுக்கு முன்னேற்பாடாக. இடைவெளியே இல்லையென்றால் நீர் எங்கே சேரும்? புற்றுநோய் நீருக்கு டால்க்கைக் குழாய் வழியாகச் செலுத்துவது பற்றிய கட்டுரை 1958-ல் வந்தது. வழக்கமான அளவு சுமார் 4 கிராம். கடைப் பவுடர் இல்லை அத்தை, கிருமி நீக்கிய, வாசனை சேர்க்காத டால்க்!

பெத்தூன் பிறகு சீனப் போர்முனைக்குப் போனார். ஆபரேஷனில் விரல் வெட்டுப்பட்டு, விஷமேறி 1939-ல் இறந்தார். அவர் பெயரில் அமைந்த ஆஸ்பத்திரிக்கு 1941-ல் தலைமை ஏற்றவர் டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ். ஊருக்கு ரயிலில் போகும்போது வழியில் வருமே சோலாப்பூர், அந்த ஊர்க்காரர்.

இரண்டாவது வழியான குழாய் ரொம்பப் புதுசு. தோலுக்கடியில் கொண்டுபோய் நிரந்தரமாக வைக்கும் மெல்லிய குழாய்க்கு 1997-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வீட்டிலேயே நீரை வடித்துக்கொள்ளலாம். 2012-ல் பிரிட்டனில் 106 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். மூச்சுத்திணறல் இரண்டிலும் ஒரே அளவுக்குத்தான் குறைந்தது. ஆனால் டால்க்குக்குச் சுமார் நாலு நாள் ஆஸ்பத்திரி வாசம், குழாய்க்குப் பெரும்பாலும் ஒரு நாள்கூட இல்லை. தொற்று மாதிரி தொந்தரவுகள் குழாயில் கூடுதல். 2018-ல் வந்த இன்னொரு ஆய்வில், வீட்டிலிருக்கும் நோயாளிக்கு அந்தக் குழாய் வழியாகவே டால்க் போட்டார்கள். 43 சதவீதம் பேருக்குச் சவ்வு ஒட்டிக்கொண்டது. குழாய் மட்டும் வைத்தவர்களில் அது 23 சதவீதம்.

படித்து முடித்தபோது ஒன்று புரிந்தது. எந்த வழியும் புற்றுநோயைக் குணமாக்கவில்லை. 'நீரை எப்படி எடுப்பது' என்று ஆரம்பித்த வைத்தியம், 'மிச்ச நாளை இவர் எங்கே கழிக்க விரும்புகிறார்' என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. அதற்கு டாக்டர் பதில் சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாது. அதனால் அத்தையிடமே கேட்டேன்.

"எது போட்டா சீக்கிரம் ஊருக்குப் போகலாம்டா?"

குழாயோடு மாயவரம் போனார். நீர் வடிக்க அத்தை பையன் இங்கேயே நர்சிடம் கற்றுக்கொண்டான். நாலு மாசம் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் பேசிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்.

ஊரிலிருந்து உங்களை நம்பி வைத்தியத்துக்கு யாராவது வந்து, இப்படி நீர் கோத்துக்கொண்டால் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நீரை எடுத்தபின் நுரையீரல் முழுசாக விரிகிறதா? (விரியாவிட்டால் டால்க் ஒட்டாது.) வீட்டில் வடிக்க ஆளும் பாட்டில் வாங்க வசதியும் வேண்டுமே, அதற்கு என்ன வழி?

மூன்றாவது கேள்வி வந்தவரிடம். அதை முதலில் கேளுங்கள்.