முடியாதுன்னு சொன்ன கணக்கும் மிதந்து காட்டின பம்பரமும்

பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின வளையக் காந்தம் ரெண்டு இருந்தா, ஒன்றையொன்று தள்ளுற பக்கமா மேலும் கீழும் வைச்சுப் பாருங்க. மேலே இருக்கிறது ஒரு நொடிகூட மிதக்காது. நழுவும், புரளும், டக்குன்னு ஒட்டிக்கும். நடுவில் ஒரு பென்சிலைச் செருகினாத்தான் அந்தரத்தில் நிற்கும். நானும் எத்தனையோ தடவை பென்சிலை உருவிப் பார்த்திருக்கேன். நிற்கவே நிற்காது.

ஏன் நிற்காதுன்னு 1842-லேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் சாமுவேல் எர்ன்ஷா. இங்கிலாந்துப் பாதிரியார், கணிதம் கற்றவர். அசையாத நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும், அந்த விசையை மட்டும் நம்பி இன்னொரு காந்தத்தை நிலையாக மிதக்க வைக்க முடியாது. மேலும் கீழும் ஆடாமல் பிடித்தால் பக்கவாட்டில் நழுவும். பக்கவாட்டில் பிடித்தால் மேலேயோ கீழேயோ ஓடும்.

இந்தத் தேற்றத்தைத் தெரிஞ்சவங்க பென்சிலை உருவுற முயற்சியையே விட்டுடுவாங்க. ஆனா, அமெரிக்காவின் வெர்மாண்ட்டைச் சேர்ந்த ராய் ஹாரிகன் விடலை. மேலே இருக்கிற காந்தத்தைப் பம்பரமாக்கிச் சுழல விட்டார். மிதந்தது! 1983-இல் காப்புரிமையும் கிடைத்தது. 1990-களில் 'லெவிட்ரான்' என்ற பெயரில் இந்த வகைப் பம்பரம் பொம்மையா கடைக்கு வந்தது.

அப்போ எர்ன்ஷா தப்பா? இல்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழக இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரி 1996-இல் இதை விளக்கினார். சுழற்சி பம்பரத்தைக் குப்புற விழாமல் காக்கிறது. அது மட்டும் போதாது. பம்பரம் தலையை ஆட்டி ஆட்டி, இருக்கிற இடத்துக் காந்தப்புலத்தின் திசைக்கு ஏற்பத் தன் அச்சைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. எர்ன்ஷாவின் கணக்கு அசையாத காந்தத்துக்கானது. இது அசைகிற காந்தம். வேகம் குறைந்தால் புரளும். ரொம்ப வேகமாகச் சுற்றினாலும் திசையைப் பின்தொடர முடியாமல் நழுவிவிடும்.

கவனிங்க: சாதனம் முதலில் வந்தது, முழு விளக்கம் 13 வருஷம் கழிச்சு வந்தது. ஒரு விஷயம் முடியாதுன்னு அறிவியல் சொல்லும்போது, எந்த நிபந்தனையில் முடியாதுன்னும் சேர்த்துத்தான் சொல்லுது. நாம அந்தப் பாதியைக் காதில் வாங்குறதில்லை.

வீட்டில் முயற்சி பண்றவங்களுக்கு ரெண்டு வார்த்தை. எடையைச் சின்னச் சின்ன வாஷர் வைச்சுச் சரிபார்க்கணும். அறையின் சூடு மாறினாலே திரும்பச் சரிபார்க்க வேண்டி வரும். பெரிய நியோடிமியம் காந்தங்கள் விரலை நசுக்கிடும், சின்னக் குழந்தைங்க கையில் எட்டாம வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.