அசையாமல் நின்றவர்

பாரிஸ் நகரத்தில் 1838-ஆம் ஆண்டில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. எடுத்தவர் லூயி தாகேர். மாடி ஜன்னல் ஒன்றிலிருந்து ஓர் அகலமான வீதியைப் பிடித்திருக்கிறார். வரிசை வரிசையாக மரங்கள், வீடுகள், கூரைகள், புகைக் கூண்டுகள் எல்லாம் வெகு துல்லியமாக விழுந்திருக்கின்றன. ஆனால் பட்டப் பகலில் அந்த வீதியில் ஜன நடமாட்டமே இல்லை! ஊரார் அனைவரும் சொல்லி வைத்துக்கொண்டு எங்காவது போய்விட்டார்களா?

எங்கும் போகவில்லை. வண்டிகளும் குதிரைகளும் மனிதர்களும் வழக்கம் போலப் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தார்கள். ஆனால் அந்த நாளில் தகட்டில் ஒளி பதிவதற்குப் பல நிமிஷங்கள் பிடித்தன. அவசரமாய்ப் போனவர்களைத் தகடு கண்டுகொள்ளவே இல்லை. வீதி ஓரத்தில் ஒரே ஒருவர் மட்டும் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொள்கிறார் போலும். அவரும், அவர் காலடியில் மங்கலாகத் தெரியும் தொழிலாளியுமே புகைப்படத்தில் இடம் பெற்ற முதல் மனிதர்கள் என்று சரித்திரக்காரர்கள் கருதுகிறார்கள். ஆண்டு 180-க்கு மேல் ஆகிவிட்டது. கோச்சு வண்டியில் போன பிரபுக்கள் மறைந்தார்கள், நின்றவர் நிலைத்தார்.

பார்க்கப் போனால், புகைப்படக் கலையின் சரித்திரமே இப்படி நிற்க வேண்டிய நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்த சரித்திரந்தான். தாகேருக்கு முன்னால், 1827-ஆம் ஆண்டு வாக்கில், நியெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தம் ஜன்னல் காட்சியைப் பதிவு செய்ய மணிக்கணக்கில் காத்திருந்தார். அதற்குள் சூரியன் நகர்ந்துபோய், கட்டடங்களின் இரு பக்கத்திலும் வெயில் அடித்தது போல் படம் விழுந்தது! 1888-இல் அமெரிக்கரான ஈஸ்ட்மன் 25 டாலர் விலையில் கோடக் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் 100 படம் எடுக்கலாம். முடிந்ததும் பெட்டியையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டியது. படங்களும் புதுச் சுருளும் திரும்பி வரும். 1975-இல் அதே கம்பெனியில் ஸ்டீவன் ஸாஸன் என்ற எஞ்சினீயர் ஃபிலிமே இல்லாத காமிரா ஒன்றைச் செய்தார். ஒரு படம் பதிய 23 வினாடி. 2000-இல் ஜப்பானில் ஷார்ப் கம்பெனி காமிரா வைத்த கைப்பேசி ஒன்றை விற்றது. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் ஸ்மார்ட்போன், நாம் விரலை வைத்து எடுப்பதற்குள் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்தும் கொடுத்துவிடுகிறது.

ஆகவே, இனி யாரும் நிற்க வேண்டியதில்லை என்று எண்ணிவிட்டோம். நம் படங்கள் கெட்டுப்போகும் இடம் இதுதான்.

போன் செய்கிற வித்தைகள் புதியவை என்று நினைக்கிறோம் அல்லவா? பலவும் பழையவையே. கடலுக்குச் சரியாக ஒளி வைத்தால் வானம் வெளுத்துப்போகிறதே என்று, குஸ்தாவ் லெ கிரே 1850-களிலேயே வானத்தை ஒரு தகட்டிலும் கடலைவேறு தகட்டிலும் எடுத்து ஒட்டினார். வெளிச்சமும் நிழலும் கலந்த இடத்தில் போனும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. அகன்ற காட்சி எடுக்கிற வித்தையைத் தஞ்சாவூரே பார்த்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் பெரிய கோவில் விமானத்தின் அடிப்புறத்தில் ஓடும் கல்வெட்டுகளைக் காமிராவை இடம் மாற்றி மாற்றி வைத்து எடுத்து, 21 படங்களைச் சேர்த்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி! மறு வருஷமே சென்னைக்குக் கவர்னராக வந்த ட்ரெவெல்யன் துரை, இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையை நிறுத்தச் செய்தார். ட்ரைப்பின் படங்கள் தப்பிப் பிழைத்தன.

இருட்டில் எடுக்கும் வசதியோ இன்னும் வேடிக்கை. போன் சில வினாடிகள் ஒளியைச் சேகரிக்கிறது. அதாவது, தாகேரின் பழைய காத்திருப்பே திரும்பி வந்திருக்கிறது. அப்போது எடுப்பவரும் அசையக் கூடாது. எடுக்கப்படுபவரும் அசையக் கூடாது. இரண்டு கையாலும் போனைப் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் பாதி வெற்றி. சுவரில் சாய்ந்துகொண்டால் மீதிப் பாதி.

முகங்களை எப்படி எடுப்பது என்பதைக் கல்கத்தாவில் பிறந்த ஓர் ஆங்கில மாதிடம் கற்றுக்கொள்ளலாம். ஜூலியா மார்கரெட் காமெரனுக்கு அவர் மகள் காமிரா பரிசளித்தபோது வயது 48. கோழிக் கூண்டைக் கண்ணாடி அறையாக மாற்றினார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வரவிட்டார். முகத்துக்கு வெகு அருகில் போனார். படம் தெளிவாக இல்லை என்று நிபுணர்கள் கேலி செய்தார்கள். அந்த முகங்களை இன்றும் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நம் வீட்டில் கண்ணாடி அறை வேண்டாம். ஒரு ஜன்னல் போதும். எடுக்கப்படுபவரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். ஜன்னலை அவர் முதுகுக்குப் பின்னால் விட்டால் முகம் கரியாகிவிடும். விரலால் திரையைப் பெரிதாக்குவதற்குப் பதில் இரண்டடி முன்னே நடந்து போங்கள். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்தால் போன் அங்கே கவனம் செலுத்தும். எல்லாவற்றுக்கும் முன்னால், எண்ணெய்க் கை பட்ட லென்ஸை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

சலனப் படத்துக்கு ஆசான்கள் லூமியேர் சகோதரர்கள். 1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு அவர்கள் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அவர்களுடைய காமிரா ஒரே இடத்தில் நின்றது. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த தொழிலாளிகள்தான் நடந்தார்கள். நாமோ கல்யாண வீட்டில் போனைத் தோரணத்துக்கும் மேளத்துக்கும் மாப்பிள்ளைக்குமாக வீசி வீசிச் சுழற்றுகிறோம். பார்ப்பவருக்குத் தலை சுற்றுகிறது. நாதஸ்வரக்காரரின் முகம் மட்டும் தெரிவதில்லை. போனைப் படுக்கை வசமாகப் பிடித்து, பத்து வினாடி ஒரே இடத்தில் நிறுத்துங்கள். அசைவதெல்லாம் தானாக அதற்குள் வரும்.

கடைசியாக ஒன்று. காமெரன் அம்மாள் 1875-இல் கணவரோடு இலங்கைக்குக் குடியேறி, 1879-இல் அங்கேயே காலமானார். அங்கே எடுத்த படங்களில், விருந்தாளியாக வந்த ஓவியர் மரியன் நார்த்தின் படம் பெயரோடு இருக்கிறது. களுத்துறைக் கிராமத்தார் சிலரின் படம், கிராமத்தார் என்ற தலைப்போடு மட்டும் இருக்கிறது. அவர்களும் அதே காமிராவுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்தான். முகம் நிலைத்தது; பெயர் போயிற்று. பாரிஸில் பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொண்டவருக்கும் இதே கதிதான்.

நம் போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. போன் உடைந்தால் அத்தனையும் போகும். நல்லதாக நூறு படம் பொறுக்கி, வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். சிலவற்றை அச்சிட்டுப் பின்புறம் பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். அப்படி எழுதும்போது 'பாட்டி' என்று மட்டும் எழுதினால் போதாது. பேரனுடைய பேரன் அதை எடுத்துப் பார்க்கும்போது, எந்தப் பாட்டி என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?