எய்யாத எய்

ஓசூரில் நண்பர் ஒருவர் வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுவார்கள். பெரும்பாலும் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருகிற பையன்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று வேடம் எடுத்துக்கொண்டு, 20 பக்கப் பகடையை உருட்டி, எதிர்ப்படும் மிருகங்களோடு மோதுவார்கள். அன்றைக்கு எதிர்ப்பட்டது ராட்சத முள்ளம்பன்றி. தூரத்தில் நின்றபடியே முட்களை அம்பு மாதிரி எய்தது.

“அது அப்படியெல்லாம் எய்யாதுப்பா” என்றேன்.

“ரூல்புக்லயே இருக்கு சார்.”

இருக்கத்தான் செய்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் வெளியானது. கைகாக்ஸ் 1977இல் கொண்டுவந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் ராட்சத முள்ளம்பன்றி முள் எய்கிறது. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினியே அப்படித்தான் எழுதிவைத்தார். நாம் மட்டும் என்ன? பழந்தமிழில் முள்ளம்பன்றிக்குப் பெயரே ‘எய்’. நற்றிணையின் 98ஆம் பாட்டு காட்டுப்பன்றியின் பிடரிமயிரை எய்யின் முள்ளுக்கு ஒப்பிடுகிறது. அம்பு விடுவதற்கும் அதே சொல்தான். மூன்று மொழி புழங்கும் ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கில் ‘ஏதுபந்தி’, கன்னடத்தில் ‘முள்ளு ஹந்தி’.

முள் என்பது தடித்து இறுகிய மயிர், அவ்வளவுதான். கிழங்கும் வேரும் தோண்டித் தின்கிற பிராணி இது. மிரண்டால் வால் முட்களைக் கலகலவென்று ஆட்டும், காலைத் தரையில் உதைக்கும். அதற்கும் எதிரி விலகாவிட்டால் முதுகைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகப் பாயும். மோதியவன் உடம்பில் முள் தங்கிவிடும்.

தங்கிய முள் என்ன செய்யும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு கதை உண்டு. தளிக்குப் பக்கத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது கும்மளாபுரம். பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) தன் முதல் நூலில், 1954இல், அந்த ஊரை நடுங்கவைத்த சிறுத்தையைப் பற்றி எழுதினார். அவர் கணக்கில் அது கொன்றது சுமார் 42 பேரை. பொழுது சாய்ந்தால் ஊரே கதவடைத்தது. கடைசியில் அதைச் சுட்டுவிட்டுப் பாதத்தைப் பார்த்தால், விரல்களுக்கு இடையில் ஒடிந்துபோன இரண்டு முள்ளம்பன்றி முட்கள். மேலே சதை மூடி வளர்ந்திருந்தது. நொண்டிய சிறுத்தையால் வழக்கமான இரையைத் துரத்த முடியவில்லை. அதனால்தான் மனிதரைத் தேடி வந்தது என்று முடிவுக்கு வருகிறார். குமாவோன் மலையில் ஜிம் கார்பெட் சுட்ட முக்தேசர் பெண்புலியும் முள்ளம்பன்றியிடம் ஒரு கண்ணை இழந்து, 50 முட்கள் வரை வாங்கிய பிறகே ஆட்கொல்லியானது.

ரூல்புக் தவறவிட்டது எய்தலை அல்ல, இதைத்தான். ஆட்டத்தில் காயம் என்பது ஓர் எண். 2014 பதிப்பின் விதிப்படி ஓர் இரவு நன்றாக ஓய்வெடுத்தால் உயிர்ப்புள்ளிகள் முழுக்கத் திரும்பிவிடும். கும்மளாபுரத்துச் சிறுத்தைக்கு எந்த இரவும் அப்படி விடியவில்லை. முள்ளம்பன்றி தன் உயிரைக் காத்துக்கொண்டு கிழங்கு தோண்டப் போய்விட்டது. ஒரு காலில் இரண்டு முள். அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பன்றியைக் கண்ணால்கூடப் பார்க்காத மனிதர்கள்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி காடுகளில் ஒரு பகுதி 2014இல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் ஆனது. முள்ளம்பன்றிகள் காட்டோரக் கொல்லைகளில் இன்றும் கிழங்கு தேடி அலைகின்றன.

பையன்களிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு விதியை மாற்றிக்கொண்டார்கள்: முள் பறந்து வராது, ஆனால் கிட்டே போய்க் குத்துப்பட்டால், தூங்கி எழுந்தாலும் ஆறாது. அடுத்த சனிக்கிழமை அவர்கள் வீரன் முள்ளம்பன்றியைப் பார்த்ததும் வாளை உறையில் போட்டுக்கொண்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.