கண்ணேறும் காலடி மண்ணும்

திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களில், குழந்தை காரணமின்றி அழுதாலோ உண்ண மறுத்தாலோ மூத்த பெண்டிர் அந்தியிற் கண்ணேறு கழிப்பர். எவர் கண் பட்டதென ஐயுறுகின்றனரோ அவர்தம் காலடி மண்ணை உப்பு, மிளகாய், கடுகு இவற்றோடு கூட்டிக் குழந்தையைச் சுற்றி அடுப்பிலிடுவர். மிளகாய் நெடி எழாவிடின் கண்ணேறு உண்டென்பது துணிபு. தமிழ் பேசும் இல்லங்களுக்கும் தெலுங்கு பேசும் இல்லங்களுக்கும் இது பொது.

இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவார் உளர். காய்ச்சலுற்ற மகவை மருத்துவரிடம் காட்டாது மிளகாய் சுற்றி நாள் கடத்துதல் கேடே. அதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும், இவ்வழக்கறியாதார்க்கு இவ்வூர் ஆழ்வார் இருவர்தம் பாடல்கள் முற்றும் விளங்கா என்பதே நம் கருத்து.

பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்து, எட்டாந் திருமொழியைக் காண்க. திருவெள்ளறையில் நிற்கும் கண்ணனை, அந்தி வந்தது, காப்பிட வருக எனத் தாய் அழைக்கின்றாள். கடவுளுக்குக் கண்ணேறு உண்டோ என வினவும் மாணவர், தம் பாட்டியாரை மறந்தவர் போலும்!

கி.பி. 8 அல்லது 9 ஆம் நூற்றாண்டினரெனக் கருதப்படும் ஆண்டாளிடத்து இது மேலும் நுட்பமாகின்றது. நாச்சியார் திருமொழியின் 14 பதிகங்களுள் நான்காவது, மணலிற் கூடல் இழைத்து நற்குறி பார்ப்பது. பதின்மூன்றாவதோ மருந்து கேட்பது. அவன் உடுத்த பீதக ஆடையால் வீசுக, அவன் சூடிய துளவத்தைக் குழலிற் சூட்டுக, அவன் மிதித்த இடத்துப் பொடியைக் கொணர்ந்து மேனியிற் பூசுக என்கின்றாள். இவற்றைப் பத்திமையின் மிகை என்று மட்டும் கொள்ளுதல் சாலாது. நோய் செய்தவரின் உடைமையே அந்நோய்க்கு மருந்தாம் என்னும் நாட்டுப்புற மருத்துவ முறை இதன் அடியில் உள்ளது. அயர்லாந்து நாட்டுப்புறத்தும், கண் வைத்தவர் ஆடையில் ஒரு துண்டைப் பெற்று எரித்து, அப்புகையை நோயுற்றார்க்குக் காட்டும் வழக்கம் இருந்தது. ஒருவரைக் கண்டு ஒருவர் கற்றனர் எனல் பொருந்தாது. மக்கள் மனம் இரு நிலத்தும் ஒரே நெறியிற் சென்றது என்க.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பகைமையின் கண்ணுக்கு அஞ்சுவோர் அம்மண்ணை நெருப்பிலிடுகின்றனர். நோய் செய்தவனையே வேண்டிநிற்பவளாதலின் ஆண்டாள் அதனை எரிக்கச் சொல்லவில்லை, பூசச் சொல்லுகின்றாள்.