எழுதியிருக்கிறது

‘பலகையில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று கேட்கிறோம். எழுதியவர் யார் என்பதற்கு அந்தக் கேள்வியில் இடமே இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், அமெரிக்க எல்லையை ஒட்டிய புல்வெளியில், ஓர் இடத்தின் பெயரே இப்படி அமைந்திருக்கிறது: ஆய்சினாய்ப்பி. பிளாக்ஃபுட் என்ற பூர்வகுடி மக்களின் மொழியில் இதற்கு ‘எழுதியிருக்கிறது’ என்று பொருள். ‘வரைந்திருக்கிறது’ என்றாலும் சரிதான்.

கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும் புல்வெளி அங்கே சட்டென்று பள்ளமாக இறங்குகிறது. பள்ளத்தில் மில்க் ஆறு ஓடுகிறது. 1805-இல் இந்த ஆற்றைக் கண்ட அமெரிக்கப் பயணி மெரிவெதர் லூயிஸ், தேநீரில் ஒரு கரண்டி பால் விட்ட நிறத்தைத் தண்ணீரில் கண்டு வைத்த பெயர் அது. கரையோரத்தில் மணற்பாறைச் சுவர்களும், காற்றும் மழையும் செதுக்கிய கல்தூண்களும் நிற்கின்றன. ஆங்கிலத்தில் அந்தத் தூண்களுக்கு ‘ஹூடூ’ என்று பெயர், அதாவது பில்லி சூனியம். பிளாக்ஃபுட் மக்களோ ‘மடாபீக்சி’ என்கிறார்கள். மனிதர்கள் என்று அர்த்தம்.

ஆய்சினாய்ப்பியின் வேர்ச்சொல் ‘சினாகி’. எழுதுவதும் அதுதான், படம் போடுவதும் அதுதான். புத்தகத்துக்கான சொல்லும் இதே வேரில் பிறந்தது. காகிதமும் அச்சும் வந்தபோது அவர்கள் வேறு மொழியில் கடன் கேட்கவில்லை; பாறையில் செய்துவந்த வேலையின் பெயரையே நீட்டிக்கொண்டார்கள்.

அந்த வேலையைப் பாறையில் இன்றும் பார்க்கலாம். கொம்பாலும் எலும்பாலும், பிற்காலத்தில் இரும்பாலும் கீறிய உருவங்கள். செங்காவி தீட்டிய உருவங்கள். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உடலை மறைக்கும் வட்டக் கேடயத்தோடு நிற்கும் வீரன் பழையவன். 18-ஆம் நூற்றாண்டில் குதிரை வந்த பிறகு கேடயம் சுருங்குகிறது. பாறையில் குதிரைகள் பெருகுகின்றன, துப்பாக்கி நுழைகிறது. ‘போர்க் காட்சி’ எனப்படும் ஒரு பாறைப் பரப்பில் மட்டும் 250-க்கும் மேற்பட்ட உருவங்கள் உண்டு. கூடாரங்கள் வளைத்து நிற்க, துப்பாக்கிகள் வெளியே நீட்டியிருக்க, எதிரே ஆட்களும் குதிரைகளும் வருகிறார்கள். இதைப் படம் என்பதா, எழுத்து என்பதா? இரண்டுக்கும் அவர்களிடம் ஒரே வேர்ச்சொல்தான்.

சொல்லில் எழுதியவர் இல்லை என்றேன். இலக்கணத்தோடு முடிகிற விஷயமல்ல அது. இந்த உருவங்களில் பல ஆவிகளின் கைவேலை என்பது பிளாக்ஃபுட் மக்களின் நம்பிக்கை. போருக்குப் போகிறவர்கள் இங்கே வந்து, வரப்போவதைப் பாறையில் படித்துப் போவார்கள். ‘தலையில் எழுதியிருக்கிறது’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இதைப் புரியவைக்க யாரும் மெனக்கெட வேண்டாம். தலையெழுத்தை அவர்கள் பாறையில் தேடினார்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் எழுதியவர் பெயர் தெரிந்த ஓர் உருவம் உண்டு. 1924-இல் பிளாக்ஃபுட் மக்களில் பிகானி பிரிவைச் சேர்ந்த பேர்ட் ராட்டில் என்ற முதியவர் மொன்டானாவிலிருந்து மோட்டார் காரில் இங்கே வந்தார். வந்த பயணத்தைக் காரோடு பாறையில் செதுக்கிவிட்டுப் போனார். குதிரைகள் ஓடிய அதே கல்லில் கார். எனக்கு இந்த இடத்திலேயே மிகவும் பிடித்தது இதுதான். மரபு செத்துவிட்டது என்று பலரும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்.

எல்லாக் கீறலும் அப்படிப்பட்டதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாராயக் கடத்தலைத் தடுக்க இங்கே காவல் சாவடி போட்ட குதிரைப்படைப் போலீசார் பாறையில் தங்கள் பெயர்களைச் செதுக்கினார்கள். சாவடி 1918-இல் மூடப்பட்டது. பின்னால் வந்த சுற்றுலாக்காரர்களும் பழைய உருவங்களின் மேலேயே பெயர் கீறினார்கள். நகம் பட்டாலே உதிரக்கூடிய மணற்பாறை அது. 1957-இல் மாகாணப் பூங்காவாகியும் சேதம் நிற்காததால், 1977-இல் முக்கியமான பகுதியைத் தனிப் பாதுகாப்புப் பகுதியாக ஒதுக்கினார்கள். வழிகாட்டி இல்லாமல் இன்று அங்கே போக முடியாது.

பூங்காவுக்கு வைத்த ஆங்கிலப் பெயர் ‘ரைட்டிங் ஆன் ஸ்டோன்’, கல்மேல் எழுத்து. வரைதலுக்கும் எழுதுதலுக்கும் வெவ்வேறு சொல் வைத்திருக்கும் மொழி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. தமிழுக்கு அந்தச் சங்கடம் இல்லை. கண்ணுக்கு மை எழுதுகிறோம். சங்க காலத்துப் பெண்கள் மேனியில் தொய்யில் எழுதினார்கள். ஓவியமும் எழுதப்பட்டதுதான்.

2019-இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, ஆங்கிலப் பெயரோடு ஆய்சினாய்ப்பியும் பட்டியலில் ஏறியது. தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘ஆய்சினாய்ப்பி’ என்றே எழுதலாம். பொருள் கேட்டால், ஆங்கிலம் வழியாகச் சுற்றி வர வேண்டியதில்லை. ‘எழுதியிருக்கிறது’ என்று சொன்னால் போதும்.